புலி மைக்

இன்று காலை நம் சவுண்ட் மிக்சர் டேப்லெட்டைத் திறந்தேன். சிவப்பு இருந்தது. சாம்பல் பூசியதுபோல் செத்துக் கிடந்த அந்தக் கண்ணாடியில், இடது பக்கத்திலிருந்து இரண்டாவதாக, நாம் வைத்த அதே இடத்தில், அப்போதுதான் வெட்டிய காயம் மாதிரி சிவப்பு. பார்த்த உடனே என் நாக்கு தானாக மேல்வரிசைச் சந்துக்குப் போய்விட்டது. நீ உடைத்த பல்லின் சந்து. அன்றைக்கு உன் கை முட்டியில் இருந்த ரத்தம் உன்னுடையதா என்னுடையதா என்று கடைசிவரை நமக்குள் தீரவில்லையே, அந்தப் பல்.

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். அரக்கோணத்துப் பெண், தமிழ் எழுத வரும். கஷ்டம் ஒன்றுதான், கெட்ட வார்த்தை வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள். உன்னைப் பற்றிப் பேசும்போது அது இல்லாமல் எப்படி ஆகும்? விட்ட இடத்தையெல்லாம் நீயே நிரப்பிக்கொள்.

நீ போன பிறகு டேப்லெட்டை உன் பெண்டாட்டி என் கையில் கொடுத்தபோது, "இத நீங்கதான் அண்ணா வெச்சுக்கணும்" என்றாள். வாங்கி வந்தேனே தவிர திறக்கவில்லை. திறந்து என்ன செய்ய? பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல நீ இல்லை. சர்ச் பாட்டுக் குழுவுக்கே கொடுத்துவிட்டு இந்தத் தொழிலோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இன்று மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வேலை செய்கிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டுமே என்று திறந்தேன்.

எனக்கு எழுத்து தெரியாது என்பது என் பெண்டாட்டிக்கு அடுத்து உனக்கு மட்டும்தான் அப்போது தெரியும். மல்லாபூர் ஃபேக்டரியில் ஆயுத பூஜைக்கு ஸ்பீக்கர் கட்ட வந்த நீ, எந்த ஒயர் எங்கே போகிறது என்று நான் ஒரு தடவை பார்த்ததை மறுநாளும் மாற்றாமல் சொன்னதைக் கேட்டு, "உன் தலைக்குள்ள என்னடா வெச்சிருக்கே?" என்று கேட்டாய். ஃபேக்டரி மூடியதும் உன் வேனில் ஏறிக்கொண்டேன். மிக்சரில் ஒட்டிய பெயர்களை நான் வெறித்துப் பார்ப்பதை முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாய். மறுநாள் கலர் கலராக டேப் வாங்கி வந்து மைக்கிலும் சுற்றினாய், மிக்சரிலும் ஒட்டினாய். பேசுகிறவருக்குச் சிவப்பு, பாடுகிறவர்களுக்கு மஞ்சள், கீபோர்டுக்கு நீலம், டிரம்ஸுக்குப் பச்சை. உன்னுடைய அறிவிப்பு மைக்குக்குக் கலர் தீர்ந்துபோய், மஞ்சள்மேல் கறுப்பைக் குறுக்குக் குறுக்காக வெட்டி ஒட்டினாய். புலி மைக் என்று பேர் வைத்தோம். கேட்டவர்களிடம், "எங்க கம்பெனி ஸ்டைலு" என்று சொல்லி வாயை அடைத்தாய். நான் சட்டைப் பையில் ஒரு பேனாவைக் குத்திக்கொண்டு, டீக்கடையில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, படித்தவன் மாதிரியே காலத்தை ஓட்டினேன்.

இரும்பு மிக்சர் போய் டேப்லெட் வந்தது. அதிலும் தேடிப் பிடித்து அதே கலர்களை அதே வரிசையில் வைத்தாய். விரலால் சிவப்பை மேலே தள்ளினால் பாஸ்டர் பேசுவார், பச்சையைத் தள்ளினால் டிரம்ஸ் அதிரும். எனக்கு அது போதும்.

அப்புறம் அந்த ரிசப்ஷன். டேப்லெட் எதைக் கேட்டாலும் 'சரி'யை அழுத்துகிற பழக்கம் உனக்கு. காலையில் அப்டேட் கேட்டது, அழுத்திவிட்டாய். என்னை உட்கார வைத்துவிட்டு ஜெனரேட்டரைப் பார்க்கப் போனாய். மாப்பிள்ளையின் பெரியப்பா ஜெபம் செய்ய மைக்கை வாங்கினார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். கலர் ஒன்றுகூட இல்லை. எல்லாம் சாம்பல். சாம்பல்மேல் பொடிப்பொடியாக எழுத்து. கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கிறது. சிவப்பு இருந்த இடம் எனக்குத் தெரியுமே என்று இரண்டாவதில் விரலை வைத்துத் தள்ளினேன்.

அது டிரம்ஸ். ஸ்பீக்கருக்கு நேராக நின்றிருந்த மைக். ஹாலே ஊளையிட்டது. அதை எப்படிச் சொல்ல? காதுக்குள் ஆணி இறங்கின மாதிரி. பெண்ணின் அப்பா காதில் மெஷின் வைத்திருந்தவர், அதைப் பிய்த்து எறிந்துவிட்டு மேடையிலேயே முட்டி போட்டு விழுந்தார். குறைப்பதற்கு எதை இழுப்பது என்று தெரியாமல் நான் எல்லாவற்றையும் தேய்க்க, ஊளை இன்னும் ஏறியது. பெண்ணின் அண்ணன் மேடையிலிருந்து பாய்ந்து வந்து என் கன்னத்தில் விட்டான். நாற்காலியோடு சாய்ந்தேன். இரண்டாவது அடிக்கு அவன் கையை ஓங்கினபோது நீ மைக் ஸ்டாண்டோடு வந்தாய். அவன் தோளில் அது இறங்கின சத்தம் எந்த ஸ்பீக்கரும் இல்லாமல் எனக்குக் கேட்டது. ஈரக் கிளையை முறிக்கிற சத்தம். அவன் ஆட்கள் உன்மேல் விழுந்தார்கள். பிரியாணி தேக்சா கவிழ்ந்து சோற்றிலே வழுக்கி வழுக்கி அடித்துக்கொண்டீர்கள். நீ கீழே கிடந்தும் ஒருவன் காதைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

ஸ்டேஷனில் சமரசம் ஆயிற்று. "யார் மேல தப்பு?" என்று எஸ்.ஐ. கேட்டதற்கு, வீங்கின வாயோடு, "மெஷின் மேல சார், அத உள்ள வைங்க" என்றாய். ஆனால் பேச்சு பரவிவிட்டது. கூப்பிடுகிற ஒவ்வொருவரும், "நீங்க வாங்க, அந்தக் கிழவர் நக்கோ, வேணாம்" என்றார்கள். நான் இல்லாமல் போக மாட்டேன் என்று நீயும் போனிலேயே வெட்டினாய். என் இடம் போய்க்கொண்டிருந்தது, உன் பிழைப்பையும் இழுத்துக்கொண்டு.

நமக்கு மட்டும் அப்படி இல்லை. சவுண்டுக்காரர்கள் குரூப்பில் குரல் மெசேஜ் கொட்டியது. எல்லாவற்றையும் போட்டுக் கேட்டேன். ஒருவன் தெலுங்கில் அழுதான். ஒருவன் இந்தியில் மிக்சர் கம்பெனிக்காரனின் அம்மா அக்காவையெல்லாம் ரோட்டுக்கு இழுத்தான். "ஜெபம் பண்ணிட்டுத்தான் பிரதர் திறக்கறேன், அப்பவும் கொலைவெறி வருது" என்றார் ஒரு சபைக்காரர். எல்லாருக்கும் மேலே உன் குரல்: "இத மாத்தின சோமாரி எவன்டா? அவன் கைய ஒடிச்சு அவன் பாக்கெட்லயே வெக்கறேன்." கம்பெனி பயந்துபோய், கச்சிபௌலி ஆபீசுக்கு வந்து நேரில் கருத்துச் சொல்லுங்கள் என்று எல்லோரையும் கூப்பிட்டது.

அந்த ஆபீசில் கால் வைத்தால் பஞ்சு மாதிரி தரை. சமோசா வைத்திருந்தார்கள். மேனேஜர் வாயைத் திறந்ததுதான் தாமதம், சமோசாத் தட்டு பறந்து திரையில் மோதி சட்னி வழிந்தது. ஒருவன் நாற்காலியைத் தூக்கிவிட்டான். நீ அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தாய், உன் பெரிய அடிக்கு இடம் பார்த்துக்கொண்டு. அப்போதுதான் அந்தப் பெண் எழுந்தாள். நான்தான் மாற்றினேன் என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் உட்காரவில்லை. கரீம்நகர் பக்கம் ஒரு மிக்சர்காரருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதாம், பிறவியிலேயே. திருவிழாவில் தப்பான மைக்கைத் திறந்ததற்குக் கட்டிவைத்து அடித்தார்களாம். உடைந்த கையோடு இவர்களுக்குப் போன் செய்து அழுதாராம். அவருக்காகத்தான் கலரை எடுத்துவிட்டுப் பேரைப் போட்டேன் என்றாள்.

நாற்காலி தூக்கினவன் மெதுவாகக் கீழே வைத்தான். நானும், சரி, முடிந்தது, போகலாம் என்று எழுந்தேன். நீ எழுந்து என் தோளில் கை வைத்தாய்.

"நல்லதும்மா. அவருக்குக் கலர் தெரியாது, பேர் போட்டே. இதோ இவனுக்கு எழுத்து தெரியாது. 'அ'ன்னா தெரியாது, 'ஏ'ன்னா தெரியாது. இவனுக்கு என்ன போடுவே?"

நகரத்திலுள்ள சவுண்டுக்காரன் அத்தனை பேரும் திரும்பினார்கள். என் பையிலிருந்த பேனாவைப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். உன் மூக்கில் குத்தினேன். இத்தனை வருஷத்தில் ஊரையே அடித்தவன் நீ, என்மேல் விரல் வைத்ததில்லை. அன்று யோசிக்கவே இல்லை, திருப்பி விட்டாய். பல் தெறித்தது. சமோசாவின்மேல் உருண்டோம். உன் கழுத்தை நெரித்தேன். "கொன்னுடுடா, ஆனா சொன்னது சொன்னதுதான்" என்று நெரிபடும் தொண்டையில் சொன்னாய். செக்யூரிட்டி ஆட்கள் நம்மைப் பிரித்து, லிஃப்டில் ஏற்றி, கீழே தள்ளிவிட்டார்கள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தோம். கம்பெனி வண்டிகள் போகப் போக, ஜன்னலில் இருந்தவர்கள் நம் சட்டையைப் பார்த்தார்கள். நான் ரத்தத்தைத் துப்பினேன்.

"கைக்குடா, எதுக்குடா சொன்னே?"

"சொல்லாம? நான் செத்தப்புறம் யாரு சொல்லுவா உனக்கு?"

"எவன் கேட்டான் உன்னை? நீ செத்தா நான் தொழில விட்டுட்டுப் போறேன்."

"போவே, போவே. போற மூஞ்சியப் பாரு."

அதற்குமேல் நாம் அதைப் பேசவில்லை. ஆர்டர்கள் ஒன்றிரண்டாகத் திரும்பின. நான் மிக்சரில் உட்கார, நீ பக்கத்தில் முக்காலி போட்டு, "அதில்ல கய்தே, மூணாவது, பாஸ்டர்!" என்று காதில் கத்துவாய். ஒவ்வொரு நிகழ்ச்சியும் சண்டையில் முடிந்தது. எனக்காக நீ எங்கும் வணங்கிப் போனதில்லை என்பதில் எனக்கு ஒரு கசப்பான பெருமை. அந்த ஆபீசுக்குப் பிறகு கலர் விஷயத்தைக் கைகழுவிவிட்டாய் என்றே நினைத்தேன். மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், வேனில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டே, "இருடா, ஒரு நிமிஷம்" என்று ஓரமாக உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. திட்டாமல் நீ என்னிடம் சொன்ன ஒரே பேச்சு அதுதான்.

இன்று அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு விரலால் நகர்த்தினேன். சிவப்பில் சின்னச் சின்னப் புள்ளி. பக்கத்தில் மஞ்சள், வெறும் மஞ்சள். நீலத்தில் அலை. பச்சையில் சாய்ந்த கோடு. கலர் தெரியாதவரும் கோட்டையும் புள்ளியையும் வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளலாம் போல. நம் வரிசை, அப்படியே. கடைசியில், மஞ்சள்மேல் கறுப்பு குறுக்குக் குறுக்காக. புலி.

இந்த உலகத்தில் அதை ஒட்டினவன் ஒருவன்தான்.

மருமகளை விட்டு அதிலிருந்த நம்பருக்குப் போன் போடச் சொன்னேன். யார் யாருக்கோ மாற்றி மாற்றி, கடைசியில் அந்தப் பெண்ணே வந்தாள். நான் யாரென்று சொன்னதும், "பெத்தாயன எலா உன்னாரு?" என்று முதலில் உன்னைத்தான் விசாரித்தாள். சொன்னேன். அப்புறம் அவள் சொல்லித்தான் தெரியும். அந்த ஆபீஸ் சண்டைக்கு அடுத்த வாரமே நீ மறுபடியும் கச்சிபௌலிக்குப் போயிருக்கிறாய். உள்ளே விடாத செக்யூரிட்டியோடு கைகலப்பு. அவளே இறங்கி வந்து கூட்டிப்போயிருக்கிறாள். பேச்சில் சூடேறி அவள் மேஜைமேல் குத்தியிருக்கிறாய், கண்ணாடி விரிசல் விட்டிருக்கிறது. பிறகு பையிலிருந்து டேப்புச் சுருள்களை எடுத்து, அந்த விரிசல் கண்ணாடிமேலேயே வரிசையாக ஒட்டிக் காட்டினாயாம். கலர் தெரியாத அந்த ஆளைப் பற்றி அவள் மறுபடி சொல்ல, உட்கார்ந்து யோசித்துவிட்டு, புலியைக் காட்டி, "அப்ப எல்லாத்துக்கும் இப்படிக் கோடு போடும்மா" என்றாயாம். இப்போது வந்த அப்டேட்டில் அதையே போட்டிருக்கிறாளாம். கிளம்பும்போது ஒரே ஒரு மிரட்டல்: "நான் வந்தது அவனுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவான். சொன்னீங்கன்னா நான் உங்களைக் கொன்னுடுவேன்."

டேப்பை அவள் உரிக்கவே இல்லையாம். உரித்தால் கண்ணாடி உதிர்ந்துவிடுமாம்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் உன்னைத் திட்டினேன். மருமகள் அதையெல்லாம் எழுதவில்லை. பிறகு சர்ச் பையன்களிடம் டேப்லெட் தருவதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். பெட்டியிலிருந்து புலி மைக்கை எடுத்து மாட்டினேன். டேப் ஓரத்தில் பிசுபிசுத்து உன் விரல் அழுக்கு ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை. கண்ணாடியில் புலியைத் தேடி மேலே தள்ளினேன். யாரும் படித்துச் சொல்லவில்லை.

"ஸ்... ஸ்... ஒன்..."

பல் சந்து வழியாகக் காற்று சீறி, ஹால் முழுக்க விசிலடித்தது. முன்பென்றால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "உன் ஓட்டைப் பல்ல மூடு, ட்ரெபிள குறைடா!" என்று கத்துவாய், உடைத்தவனே நீ என்கிற நினைப்பே இல்லாமல். கடைசி பெஞ்சைப் பார்த்தேன். பிறகு ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்தேன்.

முழுக்கக் குறைக்கவில்லை.