பெலாண்டா வீடு

காஜா பெராங், மலாக்கா
7 ஏப்ரல் 1942

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் குழந்தை ஜெயாவும் நலம். சிரம்பானில் அரிசி கிடைக்கிறதா? இங்கே மரவள்ளிக் கிழங்குதான். தட்டைப் பார்த்ததும் ஜெயா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். தபாலைப் பிரித்துப் படிக்கிறார்களாம், அதனால் இதை ஜெய்னுலாப்தீன் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அத்தான், பக்கத்து வீட்டுக் கத்ரீனம்மாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான்தான் காரணம். ஜப்பான்காரன் வாசலில் நின்று, "அந்த வீட்டில் யார்?" என்று மலாயில் கேட்டான். "பெலாண்டா" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பழக்கின சொல்தான், நாக்கு யோசிக்காமல் சொல்லிவிட்டது.

சண்டை மூண்டதும் வெள்ளைக்காரன் ஜெர்மன்காரரைப் பிடித்தானே, அப்போது, "கேட்டா பெலாண்டான்னு சொல்லுங்க. மலாக்காவுல டச்சுக்காரிய யாரு சந்தேகப்படுவான்?" என்று தெருவுக்கே சொல்லிக்கொடுத்தீர்கள். கத்ரீனம்மா ஜெர்மன்காரி என்று காட்டும் தாள்களையும் நம் அடுப்பில்தான் எரித்தோம். அன்றைக்குக் காப்பாற்றின சொல் இன்றைக்குக் குழி தோண்டிவிட்டது. டச்சுக்காரர் ஜப்பானுக்கு எதிரி. ஜெர்மன்காரர் கூட்டாளியாம், தொடமாட்டார்களாம்.

அவர் ஊர்க் கதை நமக்குத்தானே தெரியும்? முப்பாட்டன் காலத்தில் ஜெர்மனியிலிருந்து படகேறி ருமேனியா பக்கம் வந்து, சதுப்பை வயலாக்கினவர்கள். தெருவில் நாலு பாஷை, பண்டிகைக்கு வேலி தாண்டித் தட்டுப் போகுமாம். அந்தப் பழக்கத்தில்தானே இங்கு வந்த வருஷம் ஈஸ்டருக்கு வெங்காயத் தோலில் வேகவைத்த சிவப்பு முட்டை கொண்டுவந்தார்! சீனர் வீட்டில் குழந்தைக்கு மாதம் நிறைந்தால் கொடுப்பார்களே, அப்படி நினைத்து, "ஆணா பெண்ணா?" என்று கேட்டேன். பிள்ளையில்லாதவர், ஆனாலும் விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்த வருஷ முட்டையும் நம் சன்னலில் இருக்கிறது. வந்து, அவர் ஜெர்மன்காரி என்று சாட்சி சொல்லுங்கள். இரண்டு பேர் சொன்னால் நம்புவார்கள்.

தங்கள் அன்பு மனைவி,
கமலவேணி

சிரம்பான்
12 ஏப்ரல் 1942

அன்புள்ள கமலத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்த பாவி நான், நீ இல்லை. ஆனால் யோசித்துப் பார். இப்போது போய் ஜெர்மன்காரி என்றால், அப்போது ஏன் பொய் சொன்னாய் என்பான். ரயில்வே உத்தியோகம் போகட்டும், தலை போனால்? ஜெயாவுக்கு யார் இருக்கிறார்கள்? அந்தம்மா கையால் எத்தனை ரொட்டி தின்றிருக்கிறேன், எனக்கு வலிக்காதா? என்னால் வரமுடியாது. நீயும் வாயை மூடிக்கொண்டிரு, உன் காலில் விழுகிறேன்.

உன்,
கருணாகரன்

காஜா பெராங்
20 ஏப்ரல் 1942

அத்தானுக்கு,

ஜெயாவைப் பூங்காவனத்தக்காவிடம் விட்டுவிட்டு ஜப்பான்காரனிடம் நான் தனியாகவே போனேன். நீங்கள் சொன்னபடியே, அப்போது ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டான், அறைந்தான். காது இன்னும் இரைகிறது. பிறகு சிறைக்குக் கூட்டிப்போய், கம்பிக்கு இந்தப் பக்கம் என்னை நிறுத்தி, அவரிடமே கேட்டான், "நீ ஜெர்மனா?"

அவர் வெளியே வர ஒரு தலையசைப்புப் போதும், அத்தான். ஆனால் முதலில் பொய் சொன்ன குற்றம் என் தலையில் விழும். கத்ரீனம்மா என் வீங்கின கன்னத்தையே பார்த்தார். "இல்லை, நான் பெலாண்டா. இவள் முதலில் சொன்னதுதான் சரி. இப்போது புத்தி கலங்கி உளறுகிறாள், விட்டுவிடுங்கள்" என்றார். என்னைப் பைத்தியம் என்று துரத்திவிட்டார்கள். அவரை லாரியில் ஏற்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. வாசலில் வாய் திறந்தவள் நான். ஆனாலும் நீங்கள் பக்கத்தில் நின்றிருந்தால் அவருக்கு அந்தப் பொய் தேவைப்பட்டிருக்காது என்றுதான் மனசு அடித்துக்கொள்கிறது. முட்டையை உடைக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

அவர் வாசலைத் தினமும் பெருக்குகிறேன். நீங்கள் வரும்போது, அது யார் வீடு என்று தெருவில் யாராவது கேட்பார்கள். ஜெர்மன்காரி வீடு என்று உரக்கச் சொல்லுங்கள். அதற்கு வாய் வராதென்றால், வரவேண்டாம்.

கமலவேணி