யோசினை என்ற சொல்

அன்புள்ள அட்சயாவுக்கு,

நானும் அப்பாவும் உடம்பால் சுகம். வன்கூவரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டபடிதான் எழுதத் தொடங்குகிறேன், உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதைக் கேட்காமல் விட முடியவில்லை. அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது, ஆனால் லிஃப்ட் திரும்பவும் பழுது, படி ஏறும்போதெல்லாம் இந்த டோர்செட் பார்க் குடியிருப்பு முழுவதையும் திட்டித் தீர்க்கிறார். போனில் சொன்னால், அம்மா, கிளையண்டோட நிக்கிறன், பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

செவ்வாய்க்கிழமைகளில் கீழ் ஹோலில் நாங்கள் பெண்கள் கூடுவது நின்றுவிட்டது. ஹோலை எங்களுக்குத் தந்திருந்த நிறுவனத்தின் நடாஷா வந்து, லைசென்ஸ் இல்லாமல் கவுன்சிலிங் செய்யக்கூடாதாம், முறைப்பாடு வந்திருக்கிறதாம் என்றாள். யார் கொடுத்தது என்று கேட்டேன். உங்கட மகள்தான் அன்ரி, உங்கட நன்மைக்குத்தான் எழுதியிருக்கிறா என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னாள். கையிலிருந்த முருங்கையிலையை நான் கீழே வைக்கவில்லை, ஆய்ந்துகொண்டே இருந்தேன். பக்கத்தில் இலை ஆய்ந்த புனிதவதிதான், இனி உன்ர மகளிட்ட லைசென்ஸ் வாங்கித்தான் நாங்கள் அழவேணும் போல என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

கவுன்சிலிங் என்பது நீ வைத்த பெயர். நாங்கள் இலை ஆய்ந்தோம், கதைத்தோம். கண் இலையில் இருந்தால் யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை, வாய் தானாகத் திறக்கும். ஊரில் கடைசி யுத்தத்தில் மகனைத் தொலைத்த பேபி அக்கா எத்தனையோ மாதம் பேசாமல்தான் இருந்தார். என் தம்பியும் அப்படித்தான் போனான் என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் மகனின் பெயரைச் சொன்னார். ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்று முறைப்பாட்டில் கேட்டு எழுதியிருக்கிறாயாம், நியாயமான கேள்விதான். ஒருத்தி சாகப்போகிறேன் என்றபோது எமேர்ஜென்சிக்குக் கூட்டிப்போய் டொக்டர் பார்க்கும்வரை கூடவே இருந்தவர்கள் நாங்கள். எங்களால் முடியாதது எது என்று எங்களுக்குத் தெரியும். அதை நீ என்னிடம் கேட்டிருக்கலாம்.

ஹோலைப் பூட்டியபின் நடாஷா பேபி அக்காவை லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் அனுப்பினாள். அவருக்குத் தமிழ் தெரியாது, போனில் மொழிபெயர்த்த பெண் தமிழ்நாட்டுப் பிள்ளை. மகனை நினைச்சா எனக்கு ஒரே யோசினை என்று பேபி அக்கா சொல்லியிருக்கிறார். எங்களுக்கு அது கவலை. அந்தப் பிள்ளைக்கு யோசனை என்றால் ஒன்றைச் செய்ய எண்ணியிருப்பது, இவரிடம் திட்டம் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். உன் கவுன்சிலிங் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாக வழி பார்த்து வைத்திருக்கிறார் என்று பொலிஸை அனுப்பிவிட்டார்கள். ஊரில் யூனிபோர்ம்காரர் மகனைத் தேடிக் கதவு தட்டிய வீட்டில் இருந்த மனுஷி. பொலிஸ் கொண்டுபோய் விட்ட ஆஸ்பத்திரியில் நம்மவர் ஒருவர் வந்து கதைத்தபிறகுதான் பிழை தெரிந்தது, விட்டுவிட்டார்கள். இப்போது நான் போய்த் தட்டினாலும் கதவு திறப்பதில்லை. நான் ஒண்டும் யோசிக்கேல்லை, போ பிள்ளை என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது.

பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது எங்கள் செவ்வாய்க்கிழமையைப் பற்றித்தான் நீ கட்டுரை எழுதினாய். மற்றவர் சொல்வதைக் கேட்க அம்மாவிடம்தான் பழகினேன் என்று எனக்கு வாசித்தும் காட்டினாய். அதைக் காட்டி உள்ளே போனவள் எங்கள் கதவைப் பூட்டியிருக்கிறாய். படித்ததில் எனக்குக் கோபமில்லை. எங்களைப் படியாக்கி ஏறிவிட்டு, அந்தப் படி ஆபத்து என்று எழுதிக் கொடுத்தாயே, அதுதான் ஆறவில்லை.

நடாஷாவுக்கு இன்னொரு முறை எழுது, ஹோலைத் திறக்கச் சொல்லி. அதற்கு முதல் பேபி அக்காவுக்குப் போன் எடு. எடுத்து, உன் படிப்பு ஒன்றையும் சொல்லாமல் என் மகளாக மன்னிப்புக் கேள். அவர் எடுக்காவிட்டால் திரும்பவும் எடு.

கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், அதில் எனக்கு மனமாற்றம் இல்லை. அங்கே ஒரே மழையாம், ஈரச் சப்பாத்தோடு திரியாதே. எங்களைப் பற்றி யோசிக்காதே என்று எழுதித்தான் எப்போதும் முடிப்பேன். இந்த முறை யோசி.

உன்னைப் பெற்றவள்,
அம்மா