"உயிரணு" என்று சொன்ன குற்றம்

அனுப்புநர்:
திருமதி பிரேமளா சதாசிவம்,
தோசைக் கடை உரிமையாளர்,
மாசாய், ஜொகூர், மலேசியா.

பெறுநர்:
போட்டிப் பிரிவு அதிகாரி அவர்கள்,
தென்ஜொகூர் தமிழ் அறிவியல் விழா.

பொருள்: என் மகளின் சரியான விடை தவறென்று அறிவிக்கப்பட்டது குறித்து.

மதிப்பும் பொறுமையும் மிக்க ஐயா,

1. கடந்த சனிக்கிழமை நடந்த புதிர்ப்போட்டியில், உயிர்களின் அடிப்படை அலகு எது என்று கேட்கப்பட்டது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு பயிலும் என் மகள் பிரவீனா, "உயிரணு" என்றாள். அவளுடைய ஆசிரியை ஷாமளா கற்பித்த சொல் அதுதான்.

2. நடுவர் திரு. விஜயேந்திரன் ஒலிபெருக்கியை அணைக்க மறந்து, "ஐயோ, பொம்பளப் பிள்ள சபையில பேசுற பேச்சா இது?" என்றார். மண்டபமே சிரித்தது. பிறகு நான் விசாரித்தபோது, தமிழ்நாட்டு மருத்துவ விளம்பரங்களில் ஆண்களின் குழந்தையின்மைக்குத்தான் அந்தச் சொல் வருகிறது என்று விளக்கினார். விளம்பரங்களை இவ்வளவு ஊன்றிப் படிப்பவர் நடுவராக வாய்த்தது நம் பாக்கியம். பாடக் குறிப்பையும் ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

3. சரியான விடை "செல்" என்று அவர் அறிவித்தார். என் மகள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு மேடையை விட்டுச் சென்றுவிட்டாள். ஒரே புள்ளியில் மாநிலச் சுற்று பறிபோனது.

4. நான் நாள்தோறும் மூன்று கிலோ வெங்காயம் உரிப்பவள். பெற்றோர் நாளன்று பிரவீனா வெங்காயத்தின் மெல்லிய தோலைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாள். செங்கல் அடுக்கியதுபோல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. "நீங்க, நான், இந்த வெங்காயம், எல்லாமே இதால கட்டினதுதாம்மா" என்றாள். இவ்வளவு ஆபாசமான பொருளை இத்தனை வருடம் சாம்பாரில் போட்டு விற்றதற்காக வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்பதையும் தெரிவிக்கவும்.

5. வீடு அதிர வாய்விட்டுப் படிக்கும் பிள்ளை, இப்போது அறிவியல் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. "நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்?" என்று மட்டும் கேட்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது, ஐயா. இதில் கேலி இல்லை.

ஆகவே, அந்தப் புள்ளியை அவளுக்கு வழங்கி, மாநிலச் சுற்றில் சேர்த்துக்கொள்ள வேண்டும். "உயிரணு சரியான விடைதான்" என்று நடுவர் அதே மண்டபத்தில், அதே ஒலிபெருக்கியில் சொல்லவும் வேண்டும். அவருக்குக் கூச்சமாக இருந்தால் நானும் பக்கத்தில் நின்று சேர்ந்து சொல்கிறேன்.

நாள்: 14.7.2025
இடம்: மாசாய்

பதிலுக்குக் காத்திருக்கும்,
பிரேமளா சதாசிவம்
(கையொப்பம்)

இணைப்பு: கண்ணாடித் தகட்டில் வெங்காயத் தோல் ஒன்று. அதில் தெரிவது என்னவென்று நடுவர் எழுத்தில் தெரிவிக்கட்டும். "செல்" என்று எழுதினாலும் நான் புள்ளி கொடுப்பேன்.