விருச்சிகத்துக்குப் பாம்புச் சட்டை

3 நவம்பர் 2025, திங்கள்

இன்று முதல் நான் ஜோதிடர். தங்கை பெண் சாருலதா வாட்ஸ்அப்பில் ராசிபலன் சேனல் நடத்துகிறாள். எழுதிக்கொண்டிருந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டாராம். “உனக்குத்தான் தமிழ் வருமே பெரியம்மா” என்கிறாள். இருபத்தெட்டு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு வல்லினம் மிகும் இடம் நடத்துகிறவளுக்குக் குருபலன் எழுத வராதா? ஒத்துக்கொண்டேன். ஒரே நிபந்தனை: என் வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது. அவர்தான் அந்தச் சேனலின் பரம பக்தர்.

5 நவம்பர், புதன்

ஆகஸ்டில் ரிடையர் ஆன மனிதர், இன்றும் காலையில் ஆபீஸ் சட்டையைப் போட்டு, பையில் பேனா செருகி, ஹாலில் உட்கார்ந்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அதே நாற்காலி. தெருமுனைக் கடைக்குக்கூடப் போவதில்லை. யாராவது “இப்ப என்ன சார் பண்றீங்க?” என்று கேட்டுவிடுவார்களாம். பேச்சும் குறைந்துவிட்டது. வெளியில் கேலி பண்ணிக்கொண்டு திரிகிறேனே தவிர, எனக்குப் பயமாக இருக்கிறது.

7 நவம்பர், வெள்ளி

சாருவின் புது உத்தரவு: பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கொரு மறுமலர்ச்சிச் சின்னம். மாதிரிக்கு, சாம்பலிலிருந்து எழும் பறவை ஒன்றை அனுப்பியிருந்தாள். அதை மதுரை கே.கே. நகரில் யார் பார்த்தது? நமக்குத் தெரிந்ததைப் போட்டேன். மேஷத்துக்கு, வெட்ட வெட்டத் துளிர்க்கும் முருங்கை. கடகத்துக்கு, தேய்ந்து வளரும் நிலா. சிம்மத்துக்கு, காய்ந்து கிடந்தாலும் திடீரென்று வெள்ளம் வரும் வைகை. மிதுனம் என் நாத்தனார் ராசி: அறுந்தாலும் முளைக்கும் பல்லி வால்! ஸ்டாஃப் ரூமில் நான் தனியாகச் சிரிப்பதைப் பாண்டீஸ்வரி டீச்சர் ஒரு மாதிரி பார்த்தாள்.

விருச்சிகம் இவர் ராசி. அதற்கு மட்டும் அரைமணி நேரம் யோசித்தேன். “பாம்புச் சட்டை. பழைய சட்டையை உதறுங்கள். உள்ளே புதுத் தோல் காத்திருக்கிறது.”

மீனத்துக்கு வரும்போது மணி அடித்துவிட்டது. என் ராசிதானே, யார் கேட்கப்போகிறார்கள்? விட்டுவிட்டேன்.

8 நவம்பர், சனி

ஐயோ.

காய் வாங்கிவிட்டு வந்தால் வாசலில் சுடலை. பழைய துணிக்குப் பாத்திரம் போடுகிறவர். பெரிய மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தார். “சார் அம்புட்டுச் சட்டையும் குடுத்துட்டாரும்மா” என்று ஓர் இட்லிப் பானையை நீட்டினார். பதினொரு சட்டை! உள்ளே இவர் பனியனோடு. அதே நாற்காலி.

“பழைய சட்டையை உதறச் சொல்லியிருக்காண்டி லக்ஷ்மி, ராசிபலன்ல.”

பாம்பு உரித்துப் போடுவதற்கும் சட்டை என்று பேர் வைத்த தமிழை நோவதா, என்னை நோவதா?

9 நவம்பர், ஞாயிறு

புதுச் சட்டை எடுக்கப் போகலாம் என்றேன். போவதற்கு ஒரு சட்டை வேண்டுமே என்கிறார். நியாயம்தான்.

11 நவம்பர், செவ்வாய்

விருச்சிகம்: “சட்டை உரித்த பாம்பு அதே இடத்தில் சுருண்டு கிடக்காது. இரவல் ஆடை யோகம் உண்டு.” எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத யோகம். மாடி வீட்டுப் பையன் ஜெயந்திடம் ஒரு டீ-ஷர்ட் கடன் வாங்கி வந்து கொடியில் போட்டிருக்கிறேன். கிளிப்பச்சை. முதுகில் மண்டை ஓடு.

12 நவம்பர், புதன்

போட்டுக்கொண்டார்! மண்டை ஓடு தெருமுனையைத் தாண்டும்வரை ஜன்னலிலேயே நின்றேன். பள்ளிக்கூடத்துக்கு லேட்.

17 நவம்பர், திங்கள்

பார்க்கில் நான்கு பேர் சிநேகமாம். ஒருத்தரும் இப்போது என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்கவில்லையாம். சட்டை எங்கே வாங்கினீர்கள் என்றுதான் கேட்டார்களாம். ஜெயந்த் திருப்பிக் கேட்கிறான், இவர் தரமாட்டேன் என்கிறார். அவனுக்கு வேறு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

21 நவம்பர், வெள்ளி

சேனலுக்கு வந்ததென்று சாரு ஒரு மெசேஜை அனுப்பிவைத்தாள். நம்பரைப் பார்த்தால், இவருடையது!

“ஜோசியர் அவர்களுக்கு நமஸ்காரம். மீனத்துக்கு மட்டும் சின்னம் போடாமல் விட்டிருக்கிறீர்கள். என் சம்சாரம் மீன ராசி. நான் நாற்காலியை விட்டு எழாத நாளெல்லாம் அவள்தான் சரியாகச் சாப்பிடவில்லை. அவளுக்கும் நல்லதாக ஒன்று போடவும். இப்படிக்கு, ஹாலாஸ்யம். பி.கு.: மூன்றாம் தேதியிலிருந்து உங்களுக்குத் திடீரென்று ஒற்றெல்லாம் சரியாக விழுகிறது. பாம்புக்கும் சட்டைக்கும் நடுவில் ‘ச்’ போடுகிற ஜோசியர் மதுரையிலேயே கிடையாது.”

மூன்றாம் தேதியிலிருந்தா! அப்படியென்றால் அந்தப் பதினொரு சட்டை? தெரிந்தேதான் தூக்கிக் கொடுத்தாரா, நான் சொன்னேன் என்று?

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹாலை எட்டிப் பார்த்தேன். மண்டை ஓடு என் பக்கம் திரும்பாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. திருட்டு மனுஷன்.

நாளைய பலனை எழுதி, ஒற்றெல்லாம் இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பிவிட்டேன்.

மீனம்: சின்னம், புது இட்லிப் பானை. பழையதைக் கொடுத்து வந்தது.

விருச்சிகம்: காலையில் இட்லி. மாவு அரைப்பது உங்கள் பொறுப்பு.