யார் போட்ட திட்டம்

டீச்சர், இன்று காலை என் மேஜைக்குக் கருப்பட்டி வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் கடைசியாக ஊரிலிருந்து திரும்பிய பிள்ளை, சின்ன ஓலைக் கொட்டானில் வைத்து நீட்டினாள். ஜன்னல் வழியே வரும் தோல் பதனிடும் நாற்றம், மழையில் நனைந்த கோணியின் வாடை எல்லாவற்றையும் தாண்டி அந்த வாசனை வகுப்பில் நின்றது. "கருப்பட்டி வந்தாச்சா? அப்ப இனிமே பின்னம் எடுக்கலாம்" என்று நீங்கள் சொல்வது காதில் கேட்டது. கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்களை நினைத்தால் முதலில் வருவது கண்ணீர் இல்லை, கோபம்தான். வேறு யாரிடம் சொன்னாலும் நன்றி கெட்டவள் என்பார்கள். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

தாராவியில் நம் பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும். பிள்ளைகள் ஜூனில் வரமாட்டார்கள். கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கம் போனவர்கள், கோயில் கொடை முடிந்து, சர்ச்சில் அசன விருந்து முடிந்து, அப்பனுக்கு ரயில் டிக்கெட் கிடைத்து, மெட்ராஸில் வண்டி மாறி வந்து சேர ஜூலை ஆகிவிடும். மேலிடத்துப் பாடத்திட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. அது ஜூனிலேயே பின்னக் கணக்கைத் தொடங்கச் சொல்லும். நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு நாம் நாலு பேர். மாட்டுங்காவிலிருந்து வந்த கமலா டீச்சர் பாதி வகுப்புக்கு நடத்திவிட்டு, வந்து சேர்ந்தவர்களுக்காக மறுபடி நடத்தித் தொண்டை கட்டிக்கொள்வார். அருளப்பன் சார் வராதவன் தலையெழுத்து என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். நான் எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்து, வருடக் கடைசியில் அள்ளித் தெளித்த அவசரக் கோலம் போடுவேன். அடுத்த வகுப்பில் பிள்ளைகளெல்லாம் கலந்து உட்காரும்போது, அரை என்றால் என்ன என்று தெரியாத பிள்ளை பதினாறாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டு நிற்கும்.

ஹெட்மாஸ்டர் உங்களைக் கூப்பிட்டு, நாலு பேர் பாடத்தையும் ஒழுங்கு செய்யுங்கள் என்று பொறுப்பைக் கொடுத்தார். வேறு யாராயிருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து ஒரே ராத்திரியில் எழுதிக்கொண்டுவந்து, இந்தாருங்கள், இப்படிச் செய்யுங்கள் என்றிருப்பார்கள். எங்களுக்கும் அதுதான் சௌகரியம். நீங்களோ சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் எங்களைப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார வைத்து, டீ வரவழைத்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஆரம்பித்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் துவைக்கிற துணி குவிந்து கிடக்கும். செம்பூர் வரை போக வேண்டிய உங்களுக்கே அவசரம் இல்லாதபோது, பக்கத்துச் சந்தில் குடியிருக்கிற நான் எப்படி எழுந்து போவது?

ஒரு நாள் கேட்டே விட்டேன். "டீச்சர், உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுதே. சொல்லிட்டுப் போங்களேன், செஞ்சிட்டுப் போறோம். என்னத்துக்கு இந்தப் பாடு?"

நீங்கள் டீ டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "நான் சொன்னதை நீங்க செஞ்சா, நான் லீவு போட்ட அன்னிக்கு அது நின்னுடும்" என்றீர்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்று அதற்கு ஒரு பழமொழி வேறு. தேர் என்றால் வருடத்துக்கு ஒரு நாள் இழுப்பார்கள் டீச்சர், வாராவாரம் சனிக்கிழமை இழுக்கமாட்டார்கள்.

ஆனாலும் அந்தப் பெஞ்சில்தான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஜூனில் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருக்கிற பிள்ளைகளுக்கும், பிறகு வந்து சேர்கிறவர்களுக்கும் பொதுவாகத் தெரிந்தது எது? பனியா கடை, நம் ஊர் மளிகைக் கடை மாதிரி. நயா பைசா வந்ததிலிருந்து ரூபாய்க்கு நூறு என்பது தாராவிப் பிள்ளைக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் புத்தகம் சொல்கிற வரிசையை மாற்றி, ஜூன் முழுக்கக் காசுக் கணக்கு, கிலோ, லிட்டர், மீட்டர் நடத்தலாம். பின்னத்தை ஜூலைக்குத் தள்ளலாம். நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள். அவ்வளவு சந்தோஷம். என் யோசனையைக் கேட்டு எழுந்து நின்ற ஆள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அருளப்பன் சார்தான் முறுக்கிக்கொண்டு நின்றார். படி, ஆழாக்கு என்ற பழைய அளவைகள்தான் அவருக்கு வேதம். "எம் பாடத்த எப்ப நடத்துததுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க யாரு சொல்லுததுக்கு?" என்றார். நீங்கள் கோபப்படவில்லை. இப்போது லிட்டரில் விற்கிற பனியா கடைக்குப் போய் அவர் ஓர் ஆழாக்கு எண்ணெய் கேட்டு வாங்கி வந்துவிட்டால் நாங்கள் மூவரும் அவர் பக்கம் வந்துவிடுகிறோம் என்றீர்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படியும் அவர் இறங்கிவர மழைக்காலம் முடிந்து தீபாவளி நெருங்கிவிட்டது. வந்த பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. தராசும் மீட்டர் கோலும் சொந்தச் செலவில் வாங்கிவந்து, கீழ் வகுப்பு ஆசிரியர்களிடமெல்லாம் "நம்ம திட்டம்" என்று சொல்லித் திரிந்தார். யாராவது "உங்க திட்டம்" என்று உங்களிடம் சொன்னால் நீங்கள் உடனே திருத்துவீர்கள்: "எங்க நாலு பேரோடது."

மறு ஜூனில் திட்டத்தைத் தொடங்கினோம். அந்த மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். என் வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி அரையும் காலும் எவ்வளவு என்றார். அவள் பயப்படாமல், "அது ஜூலைலதான் சார்" என்றாள். அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் ஒரே வரிசைதான், தமிழ்ப் பள்ளிக்கு மட்டும் தனிச் சட்டமா என்று ஹெட்மாஸ்டரிடம் சத்தம் போட்டார்.

நாலு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் எப்போது வருகிறார்கள், ஏன் மாற்றினோம் என்று நீங்கள் பொறுமையாக விளக்கினீர்கள். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இது யார் போட்ட திட்டம் என்று கேட்டார்.

"சார், நாங்க எல்லாரும்..." என்று நான் ஆரம்பித்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினீர்கள்.

"நான் போட்டது சார். இவங்க மூணு பேரும் நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க."

அருளப்பன் சார் உங்களைத் திரும்பிப் பார்த்தார். அறை வாங்கிய மனிதனின் முகம் அது. தண்டனைக்குப் பயந்தவர் முகம் இல்லை. கையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டீர்கள் டீச்சர். அவருக்கு மட்டுமா? பனியா கடைக் கணக்கு என்னுடையது இல்லையா?

மாடிப்படியில் உங்களை மறித்து நின்று கேட்டேன். "நாலு பேரோடதுன்னு ஒரு வருசமா சொன்னது நீங்கதான? இப்ப என்ன, உங்களோடதுன்னு சொல்லிட்டு வாரிய?"

"கமலாவுக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகலை. சாருக்கு ரிட்டையர்மென்ட் வரப்போகுது. உனக்கு ரெண்டு குழந்தை. ஒருத்தி மாட்டிக்கிட்டா போதும்மா. நீங்க இங்க இருந்தா திட்டமும் இருக்கும்" என்றீர்கள். கோபத்திலும் எனக்கு ஒன்று உறைத்தது. அதுவரை என்னை நீங்க, வாங்க என்றே பேசியவர், அன்றுதான் ஒருமையில் பேசினீர்கள்.

உங்களைக் குர்லாவுக்கு மாற்றினார்கள். வீட்டுக்குப் பக்கம்தானே, அதிர்ஷ்டம் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். அங்கே உங்களுக்கு ஒன்றாம் வகுப்பு. யாருடைய பாடத்திலும் தலையிடக் கூடாது என்று வாய்மொழி உத்தரவு.

திட்டம் இருந்ததா? அதைத்தான் கேட்க வேண்டும் உங்களை. நீங்கள் போன வாரமே அருளப்பன் சார் தராசைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டார். "அது அந்தம்மா திட்டம்லா? அவங்களே சொல்லிட்டாவளே" என்றார். கமலா டீச்சர் பழையபடி தொண்டை கட்டிக்கொள்ளப் போனார். நான் ஒருத்தி என் வகுப்பில் மட்டும் ஜூலைக்குப் பின்னம் என்று ஓட்டினேன். ஒருத்தி நடத்தினால் என்ன, அடுத்த வருடம் நாலு வகுப்புப் பிள்ளைகளும் கலந்துதானே உட்காருகிறார்கள்? நாலு பேரும் நாங்கள்தான் என்று நின்றிருந்தால் நாலு பேரையுமா மாற்றியிருப்பார்கள்? பாடம் நடத்த ஆள் வேண்டாமா? எங்களைக் காப்பாற்றினீர்கள், சரி. பிள்ளைகளை யார் காப்பாற்றுவது? நீங்கள் லீவு போட்டாலும் நின்றுவிடக் கூடாது என்று வருடம் முழுக்கப் பாடுபட்டவர், ஒரே வாக்கியத்தில் அதை உங்கள் கூடவே குர்லாவுக்குக் கொண்டுபோய்விட்டீர்கள்.

இதை உங்கள் வீட்டுக்கு வந்து கேட்க வேண்டும் என்றுதான் இருந்தேன். மஞ்சள் காமாலை முந்திக்கொண்டது. செய்தி தெரிந்து நான் செம்பூருக்கு ஓடிவந்தபோது வாசலில் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டிருந்தார்கள்.

இந்த வருடம் புது ஹெட்மாஸ்டர் அந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். அலமாரி மேலிருந்த தராசை இறக்கித் துடைத்தேன். சாரும் கமலா டீச்சரும் போன பிறகு புதிதாக வந்த மூன்று ஆசிரியர்களையும் சனிக்கிழமைகளில் பெஞ்சில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறேன். அவர்கள் பார்க்கிற பார்வையிலேயே தெரிகிறது, அவர்களுக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஜூனில் காசுக் கணக்கு நடந்து முடிந்தது. நாளைக்கு நாலு வகுப்பிலும் பின்னம்.

இன்று கருப்பட்டியை உடைத்து ஆளுக்குக் கால்வாசி கொடுத்துக்கொண்டிருந்தபோது, மூவரில் இளையவள், வேலை இன்னும் நிரந்தரமாகாதவள், மெல்லக் கேட்டாள்: "இன்ஸ்பெக்டர் வந்து யாரு போட்டதுன்னு கேட்டா என்ன டீச்சர் சொல்லணும்?"

அவள் முகத்தைப் பார்த்தேன். போன மாதம்தான் கல்யாணம் ஆனவள், டீச்சர். "நான் போட்டதுன்னு நானே சொல்லிக்கிறேன்" என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "நாலு பேரும் போட்டதுன்னு சொல்லணும். நாலு பேரும் சொல்லணும்" என்றேன். அவள் தலையாட்டினாள்.

இன்ஸ்பெக்டர் இன்னும் வரவில்லை. அவர் வந்து கேட்கிற அன்று, நான் அவள் மணிக்கட்டைப் பிடிக்காமல் இருக்க வேண்டும்.