டயரில் கொஞ்சம் அங்கின்

நவ. 13, வியாழன்
மழை. சைக்கிள் செயினைத் துடைக்கும்போது ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி எப்போதோ கேட்டது நினைவில். “சார், ஒட்டகம் மணல்ல ஏன் புதையல?” பாதம் அகலம், பாரம் பரவுகிறது என்றேன். டயரும் அப்படித்தான்: சேற்றில் காற்றைக் குறைத்தால் அகன்று மண்ணைப் பிடிக்கும்.

ஞாயிறு, நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் சரளைப் பாதை சைக்கிள் ஓட்டம். நாற்பது கி.மீ. பதினோரு வருடமாக நானும் மணியமும் பக்கத்தில் பக்கத்தில். இன்று போனில்:

“சார், இந்த வாட்டி நான் சலீம் கூட ஓட்டறேன். நீங்க மெதுவா வாங்க. முட்டி வலின்னு சொன்னீங்களே லா.”

முட்டி வலி மார்ச் மாதம். இது நவம்பர்.

சலீம், பட்டர்வொர்த்தில் நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரர். சைக்கிள் வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை.

வாங்க: செயின் எண்ணெய், வாழைப்பழம், முட்டிக்குத் தைலம் (மணியத்துக்குத் தெரியக்கூடாது).

நவ. 15, சனி
விடாத மழை. வாட்சப்பில் சலீம் போட்ட படம். அவரும் மணியமும், பாலிக் புலாவில், கையில் நுரை பொங்கும் தே தாரிக் டீ. நான் இருக்கும் தீவுக்கே வந்துவிட்டு எனக்கு ஒரு போன் இல்லை. மணியம் பல் தெரியச் சிரிக்கிறார். என்னோடு எடுத்த பழைய படங்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றில்கூடப் பல் இல்லை.

நவ. 16, ஞாயிறு
ஃபெரியில் நான் மட்டும், சைக்கிளோடு. அக்கரையில் மணியத்தின் வேன். முன் சீட்டில் சலீம். என் இடம். பின்னால் மூன்று சைக்கிள்களோடு நான்.

புறப்படும் இடத்தில் கொட்டும் மழை. சலீம் என் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“கல்லு மாதிரி இருக்கு சார். அங்கின் கொஞ்சம் குறைங்க.”

அங்கின், மலாயில் காற்று. நம் ஆட்கள் வாயில் கோபமும் அதுதான். மணியம் விடுவாரா?

“டயர்லயா, சார்கிட்டயா?”

இருவரும் சிரித்தார்கள். நான் பம்பை எடுத்து இன்னும் இருபது அடி அடித்தேன். ஒட்டகப் பாடம் நடத்திய வாத்தியார்!

பன்னிரண்டாவது கி.மீ., வளைவு. பின்சக்கரம் வழுக்கி வாய்க்கால் ஓரம் விழுந்தேன். வாயில் சேறு. முழங்கையில் சிராய்ப்பு. முட்டிக்கு ஒன்றுமில்லை. முன்னால் போன மணியம் திரும்பி வருவார் என்று பார்த்தேன். வந்தது சலீம்.

“மணியண்ணே முன்னால போய்ட்டாரு. மழையில ஒண்ணும் கேக்கல. எந்திரிங்க சார், மெதுவா.”

தூக்கிவிட்டார். பிறகு, சைக்கிளைப் பார்த்துக்கொண்டே:

“அங்கின் குறைக்கிறது நான் சொன்னதில்ல சார். மணியண்ணே சொல்லிக் குடுத்தாரு. அவருக்கு நீங்க சொன்னீங்களாம், ஒட்டகக் கதையோட. வழி பூரா ‘சார் இப்படிச் சொன்னாரு, அப்படிச் சொன்னாரு’தான். கேட்டுக் கேட்டு எனக்கே பொறாமை லா.”

குனிந்து வால்வைத் திறந்தேன். புஸ்ஸென்று போனது. மிச்சம் இருபத்தெட்டு கி.மீ. வழுக்கவில்லை.

நவ. 17, திங்கள்
தூறல். முழங்கை எரிச்சல். மணியம் போன்: “அடுத்த வாரம் மூணு பேரா போவோமா சார்?” சரி என்றேன். முன் சீட் எனக்கு என்றும் சொன்னேன்.

மழையில் புறப்படும் முன்: டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார். அமுங்காவிட்டால், கொஞ்சம் திறந்து விடு.