பதினைந்தரை மணி நேரம்

கணக்கில் ஒருபோதும் தப்பாத என் நைனாவுக்கு,

சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோ ஏறக்குறைய பதினாலாயிரம் கிலோமீட்டர். விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போகும். வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். வாழ்நாள் முழுக்க அளவுக் கருவிகளைச் சரிபார்த்த ஆளாயிற்றே நீ. தம்பி அன்பு அமெரிக்கா போன அன்றே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டாய்.

நம் ஊர் சிங்கப்பெருமாள் கோயிலில் இதை உன் வாயால் கேட்காத ஆள் கிடையாது. "இன்னா பெரிய தூரம்? காலைல அங்க நாஸ்தா துன்னுட்டு ஏறுனான்னா, மறுநாளு மத்தியான சோறு நம்ம வூட்ல" என்பாய்.

வரிசையில் நிற்கிற நேரம், இன்னொரு ஊரில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கிற நேரம், எதையும் நீ கூட்டவில்லை. நானும் சரிபார்க்கவில்லை. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே பழகிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நீ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அந்தக் காலையில் டாக்டர் என்னை வெளியே அழைத்துச் சொன்னார்: "நுரையீரல் இனிமே தேறாதும்மா. தொண்டைல குழாய் போட்டா ரெண்டு நாள் தள்ளலாம், அவ்ளோதான். இன்னா பண்ணலாம்?" உள்ளே வந்து உன்னிடம் கேட்டேன். நீ தெளிவாகக் கையை அசைத்தாய். வேண்டாம் என்றாய்.

நான் வெளியே போய், "போடுங்க சார். தம்பி வந்துகினு கீறான். பதினஞ்சரை மணி நேரம்தான்" என்று கையெழுத்துப் போட்டேன்.

குழாயை நீ இரண்டு முறை பிடுங்கப் பார்த்தாய். மூன்றாம் முறை, கையைக் கட்டச் சொன்னதும் நான்தான். நர்ஸ் துணியால் மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டினாள். பேச முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம், நைனா? திட்டினாயா, கெஞ்சினாயா?

டிக்கெட் கிடைக்கவே ஒரு பகல் போயிற்று. வழியில் மாற வேண்டிய விமானத்தை அன்பு தவறவிட்டான். அவன் வந்து சேர ஐம்பத்தோரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் உனக்கு நினைவு தப்பிவிட்டது.

அவன் உன் முகத்தைவிட மணிக்கட்டைத்தான் அதிக நேரம் பார்த்தான். தோல் உரிந்திருந்தது.

"எனக்கோசரமா இப்டி வச்சிருந்தீங்க?"

"கடைசியா ஒருவாட்டி நீ பாக்கணும்னுதான்டா."

"ஏறுறதுக்கு முன்னாடி போன்லதானே இருந்தேன். ஒரு வார்த்த கேட்டியாக்கா? வாணாம்னு சொல்லிருப்பேன்."

கேட்கவில்லை. சீக்கிரம் ஏறு என்று மட்டும்தான் சொன்னேன். அன்று சாயங்காலம் குழாயை எடுத்தார்கள். அஸ்தியைத் திருவிடந்தைக் கடலில் கரைத்துவிட்டு மூன்றாம் நாளே அவன் கிளம்பிவிட்டான். இப்போதெல்லாம் பண்டிகைக்கு மட்டும் போன் வருகிறது, அதுவும் என் வீட்டுக்காரருக்கு.

என் மகளுக்கு, உன் பேத்திக்கு, மெல்போர்னில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற மாதம் போகிறாள். போன வாரம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன். எனக்குக் குழாய் வேண்டாம், யாருக்காகவும் என்னை வைத்திருக்க வேண்டாம் என்று. அவள் படித்துவிட்டு முறைத்தாள்.

"அப்ப நான் வந்து உன்ன பாக்கவேணாவா?"

"பாக்கமாட்ட" என்றேன்.

அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தத் தாளைத் திரும்ப வாங்கமாட்டேன், நைனா. எத்தனை முறை அழுதாலும் வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் பெரியவள்